அட்டைக்கு வெளியே நின்றவர்கள்

டிரெஸ்டன் நகரில் ட்ஸ்விங்கர் அரண்மனை முற்றத்தை ஒட்டி நிற்கிறது பழைய ஓவியர்களின் காட்சியகம். உள்ளே வருபவர்களில் பலர் யாரைத் தேடிப் போகிறார்கள் என்பது அவர்கள் நடையிலேயே தெரிந்துவிடுகிறது. வெர்மீரையும் ரெம்பிராண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அறை அறையாக நிற்காமல் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். தேடியது இரண்டு குட்டித் தேவதூதர்களை. ஒருவன் கன்னத்தில் கையூன்றி மேலே பார்க்கிறான். மற்றவன் மடித்த கைகளின்மேல் மோவாயை வைத்து அதே திசையில் பார்க்கிறான். கலைந்த முடி, வண்ணச் சிறகு, குறும்பும் சலிப்பும் கலந்த முகம். கிறிஸ்துமஸ் அட்டையில் இவர்கள், காதலர் தின அட்டையில் இவர்கள், ஞானஸ்நான அழைப்பிதழில் இவர்கள். 1995-ல் அமெரிக்க அஞ்சல் துறை ‘காதல்’ என்று வெளியிட்ட தபால்தலைகளிலும் இவர்கள்தான். வரைந்தவர் ரஃபேல் என்று அறியாதவர்களுக்கும் இந்த முகங்கள் தெரியும்.

ஓவியத்தின் முன்னால் போய் நின்றபோது முதலில் அவர்கள் கண்ணில் படவில்லை. பார்வை நேராக மேலே ஏறிவிட்டது. ஆளைவிட உயரமான, இரண்டு மீட்டர் அகலமுள்ள கான்வாஸ். இரு பக்கமும் பச்சைத் திரை விலகியிருக்கிறது. நடுவில் மேகத்தின் மேல் வெறுங்காலுடன் ஒரு தாய் நடந்து வருகிறாள். எதிர்க்காற்றில் அவள் முக்காடு உப்பியிருக்கிறது. கையில் பெரிய கண்களோடு குழந்தை. ஒரு பக்கம் முதியவரான புனித சிக்ஸ்துஸ், தன் மகுடத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, வலக்கையால் நம் பக்கம் காட்டி மாதாவிடம் ஏதோ வேண்டுகிறார். மறுபக்கம் புனித பார்பரா பார்வையைத் தாழ்த்தி மண்டியிட்டிருக்கிறாள். பின்னால் மேகம் என்று நினைத்ததை உற்றுப் பார்த்தால் அத்தனையும் குழந்தை முகங்கள். இவ்வளவுக்கும் கீழே, சட்டத்தை ஒட்டிய விளிம்பில்தான் நம் இருவரும் கைவைத்திருக்கிறார்கள். தெருக்கூத்தில் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ராஜா வரக் காத்திருக்கும் பிள்ளைகள்போல.

வாழ்த்து அட்டை என்பது ஒருவர் இன்னொருவருக்கு, ஒரு நாளை முன்னிட்டு அனுப்புவது. அதில் அச்சாகியிருக்கும் ஓவியமும் அப்படிப் பிறந்ததுதான். யாரோ கேட்டார்கள், யாருக்காகவோ வரையப்பட்டது, அதற்கென்று ஒரு நாளும் ஒரு சுவரும் இருந்தன. அட்டை அடிப்பவர் வெட்டும்போது முதலில் விழுவது அந்த முகவரி. இந்தப் பயணத்தில் டிரெஸ்டனிலிருந்து வியன்னாவுக்கும் அங்கிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கும் நான் ரயிலேறியது, விழுந்த அந்த முகவரிகளைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான்.

ரஃபேலிடம் இந்த ஓவியத்தைக் கேட்டவர் போப்பாண்டவர் இரண்டாம் ஜூலியஸ். ஆண்டு 1512. போக வேண்டிய இடம் வட இத்தாலியின் பியாசென்ஸா நகரில் இருந்த சான் சிஸ்தோ மடத்துக் கோயில். சிக்ஸ்துஸ் அந்தக் கோயிலின் புனிதர். ஓவியத்தில் அவருக்கு வாய்த்திருப்பது ஜூலியஸின் முகச்சாயல். ஆக, அவர் விரல் காட்டுவது பொதுவான உலகத்தை அல்ல. பலிபீடத்துக்கு எதிரே நின்று செபிக்கும் அந்தத் துறவிகளையும் ஊர் மக்களையும்தான். “இவர்களுக்காக” என்று சொல்லும் விரல் அது.

தாயின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை என்பதை நேரில்தான் உணர்ந்தேன். குழந்தையின் முகத்திலும் இல்லை. எதையோ கண்டு திடுக்கிட்ட கண்கள் இருவருக்கும். அந்தக் கோயிலில் ஓவியத்துக்கு எதிரே ஒரு சிலுவை நின்றிருக்க வேண்டும், தாயும் மகனும் பார்ப்பது அதைத்தான் என்று கலை வரலாற்றாசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். கீழே இருக்கும் விளிம்பைச் சவப்பெட்டியின் மேல்பலகை என்று படிப்பவர்களும் உண்டு. நிற்க நிற்க எனக்கு அந்த விளக்கங்கள் சரியென்றே பட்டன. தன் பிள்ளைக்கு என்ன நேரப்போகிறது என்று தெரிந்தும் நிற்காமல் நடந்து வருகிறாள் ஒருத்தி. அந்த நடையைத்தான் இரண்டு சிறுவர்களும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அட்டையில் சலிப்பு என்று தோன்றியது இங்கே காத்திருப்பாக மாறிவிடுகிறது.

இந்த இருவரும் ஓவியத்தில் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள். மேகத்தை முடித்தபின் அதன் மேலேதான் ரஃபேல் அவர்களை வரைந்திருக்கிறார். அடிப்பகுதி வெறுமையாக நிற்பது அவர் கண்ணை உறுத்தியிருக்கும். கடைசியில் வந்தவர்கள்தான் முதலில் பிரிந்தும் போனார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இவர்களை மட்டும் தனியே நகலெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். தாயும் சிலுவையும் விலகியதும், இந்தப் பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்பதற்கு வேறு கதை தேவைப்பட்டது. ரொட்டிக் கடைக் கண்ணாடியில் முகத்தைப் பதித்து ஏங்கி நின்ற இரண்டு தெருப் பிள்ளைகளை ரஃபேல் பார்த்தாராம், அவர்களை அப்படியே வரைந்தாராம். 1912-ல் ஒரு சிறுவர் பத்திரிகையில் வந்த கதை. அழகான கதைதான். ஆனால் வெட்டிய இடத்தில் முளைத்தது.

1754-ல் சாக்சனியின் ஆட்சியாளரும் போலந்து மன்னருமான மூன்றாம் அகஸ்டஸ் இதை 25,000 ஸ்கூடிக்கு வாங்கி டிரெஸ்டனுக்குக் கொண்டுவந்தார். பியாசென்ஸாவில் இன்று இருப்பது நகல். ஓவியத்துக்கு நல்ல வெளிச்சம் கிடைக்க மன்னர் தன் சிம்மாசனத்தையே நகர்த்தி வழிவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கதைக்கு ஆதாரம் இருக்கிறதா என்பதைவிட, அப்படியொரு கதை தேவைப்படுமளவுக்கு மக்கள் இதை நேசித்தார்கள் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. இந்த ஊரில் தங்கியிருந்த காலத்தில் தஸ்தயேவ்ஸ்கி இதன் முன் வந்து நெடுநேரம் நிற்பார். பிற்காலத்தில் பீட்டர்ஸ்பர்க்கில் அவர் எழுதும் அறையில் மாட்டியிருந்தது இதன் பெரிய புகைப்பட நகல், நண்பர்கள் தந்த பரிசு. அதுவும் வெட்டப்பட்ட படம்தான். ஆனால் அதில் இருந்தது தாயும் பிள்ளையும். தேவதூதர்கள் இல்லை. அந்தப் படத்துக்குக் கீழே கிடந்த சோபாவில்தான் 1881-ல் அவர் உயிர் பிரிந்தது. ஓர் ஓவியத்தில் எதை வெட்டி வைத்துக்கொள்கிறோம் என்பது வெட்டுகிறவரைப் பற்றி எவ்வளவோ சொல்லிவிடுகிறது.

டிரெஸ்டனிலிருந்து பிராக் போகும் ரயில் எல்பே நதியை ஒட்டியே ஓடுகிறது. புறப்பட்ட சிறிது நேரத்தில் பிர்னா வரும். அதைத் தாண்டியதும் இரு கரையிலும் மணற்கல் பாறைகள் கோபுரம் கோபுரமாக எழுகின்றன. ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்கள் எல்லாம் அந்தப் பாறைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். என் நினைவு பிர்னாவிலேயே தங்கிவிட்டது. போர்க் காலத்தில் ரஃபேலின் மாதாவை மறைத்து வைத்திருந்தது அந்தப் பக்கத்துக் கல்குவாரிச் சுரங்கம் ஒன்றில்தான். 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சில் டிரெஸ்டன் எரிந்தபோது அவள் பாறைக்குள் இருந்தாள். மே மாதம் சோவியத் படையினர் கண்டெடுத்து மாஸ்கோவுக்கு அனுப்பினார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து, கிழக்கு ஜெர்மனிக்குத் திருப்பித் தருவதற்கு முன், 1955-ல் மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் அதை மக்களுக்குக் காட்டினார்கள். பார்க்க வந்தவர்களில் ஒருவர் எழுத்தாளர் வாசிலி கிராஸ்மன். அவர் போர்முனைச் செய்தியாளராக இருந்தவர். ட்ரெப்ளிங்கா மரண முகாமைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவர். அவருடைய தாய் 1941-ல் பெர்டிச்சேவ் நகரில் மற்ற யூதர்களோடு கொல்லப்பட்டார். கிராஸ்மன் அந்த ஓவியத்தின் முன் நின்றபோது, இந்தப் பெண்ணை முன்பே எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசிக்கிறார். பிறகு உறைக்கிறது. ட்ரெப்ளிங்காவின் மண்ணில், ரயிலிலிருந்து இறங்கி, கையில் பிள்ளையோடு வெறுங்காலில் நடந்து போனவள் அவள். இதை அவர் எழுதிவைத்த கட்டுரை அவர் உயிரோடு இருந்தவரை அச்சேறவில்லை. அவர் காலமானது 1964-ல்.

அதே தாயின் காலடியில் இருக்கும் இருவரைத்தான் நாம் இதய வடிவத்துக்குள் அச்சிட்டு அனுப்புகிறோம். அனுப்புவது தவறு என்று நான் சொல்லவில்லை. குழந்தைகள் அழகு, அதை ரஃபேலும் அறிந்தே வரைந்தார். ஆனால் அந்த இருவர் யாரை அண்ணாந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு அனுப்பும் அட்டையின் கனம் வேறு.

ரயில் எல்லை தாண்டி செக் நாட்டுக்குள் நுழைந்தது. வாழ்த்து அட்டைகளின் வரலாற்றில் இந்த நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. போர் முடிந்த கையோடு, பட்டினியில் இருந்த செக்கோஸ்லோவாக்கியக் குழந்தைகளுக்கு யுனிசெஃப் உணவும் மருந்தும் கொடுத்தது. அதற்கு நன்றியாக ஒரு சிற்றூரிலிருந்து யித்கா சம்கோவா என்ற 7 வயதுச் சிறுமி படம் வரைந்தாள். தாள் கிடைக்கவில்லை, கண்ணாடியில் வரைந்தாள். நட்டுவைத்த கம்பத்தைச் சுற்றி ஆடும் குழந்தைகள், மேலே சூரியன். 1949-ல் யுனிசெஃப் அதை அச்சிட்டது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் விற்று, குழந்தைகளுக்கு நிதி திரட்டிய யுனிசெஃப் வாழ்த்து அட்டைகளில் முதல் அட்டை அதுதான். நன்றிக்காக வரைந்த படம் அட்டையிலும் நன்றியாகவே போய்ச் சேர்ந்தது. முகவரி கலையாமல் போன அட்டைகளும் இருக்கின்றன.

வியன்னாவில் முதலில் மேல் பெல்வெடேர் மாளிகைக்குப் போனேன். கிளிம்ட்டின் ‘முத்தம்’ அங்கேதான். திருமண நாள் வாழ்த்துகளில் இதற்கு நிகராக வேறு ஓவியம் இல்லை. 180 சென்டிமீட்டர் சதுரம். பொற்கொல்லர் வேலை தெரிந்த தந்தைக்குப் பிறந்த ஓவியர், உண்மையான பொன்தகட்டை ஒட்டி வரைந்தது. 1908-ல் கண்காட்சியில் வைத்தபோது முழுதாக முடிந்திருக்கவும் இல்லை, அப்போதே ஆஸ்திரிய அரசு 25,000 குரோனுக்கு வாங்கிவிட்டது. அட்டைகளில் பெரும்பாலும் இரு முகங்களையும் தோள்களையும் மட்டும் வைத்துக் கீழே வெட்டிவிடுகிறார்கள். கீழே இருப்பது அந்தப் பெண்ணின் பாதங்கள். பூக்கள் நிறைந்த தரை அவள் முழங்காலுக்கு அடியிலேயே முடிந்துவிடுகிறது. மடங்கிய கால்விரல்கள் அந்த விளிம்பைப் பற்றியிருக்கின்றன. அதற்கு அப்பால் பொன்வெளி, தரை இல்லை. விளிம்பில் மண்டியிட்டிருக்கும் காதல் அது. பாதங்களைப் பார்த்தபின் கண் மூடிய அவள் முகம் எனக்கு வேறொன்றாகத் தெரிந்தது. அந்த ஒன்றைக் காணவே அங்கே போகலாம்.

வியன்னாவுக்கு வந்த முக்கியக் காரணம் ஆல்பெர்டினா. ஆல்ப்ரெக்ட் ட்யூரர் வரைந்த செபிக்கும் கைகள் அங்கே இருக்கின்றன. நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் இந்தக் கைகளைப் பார்க்காதவர்கள் குறைவு. மரத்தில் செதுக்கியும், காலண்டரில் அச்சிட்டும், இரங்கல் அட்டையின் மூலையில் கருப்புக் கோட்டுக்குள்ளும் இருக்கும். ஆனால் மூலத்தை நினைத்த நாளில் பார்த்துவிட முடியாது. 500 ஆண்டு கடந்த தாள், வெளிச்சம் அதற்கு எமன். இருட்டில் பத்திரமாக வைத்து, பெரிய கண்காட்சிகளின்போதுதான் வெளியே எடுக்கிறார்கள். நான் போன சமயத்தில் எனக்குக் கிடைத்தது துல்லியமான நகல். அதன் முன்னும் நின்றேன். நீலமாகப் பூச்சிட்ட தாளில் தூரிகையால் கோடிழுத்து, ஒளி படும் இடங்களில் வெள்ளை தீட்டியிருக்கிறார். அளவு சுமார் 29-க்கு 20 சென்டிமீட்டர்தான். விரல்கள் ஒன்றையொன்று முழுதாகத் தொடவில்லை, நுனியில் மெல்லிய இடைவெளி இருக்கிறது. நரம்பும் மூட்டுச் சுருக்கமும் மடித்துவிட்ட சட்டைக்கையும் அத்தனை நிஜம்.

இந்தக் கைகளுக்கும் ஒரு கதை சொல்லப்படுவதைப் பலர் கேட்டிருப்பீர்கள். நியூரம்பெர்க் பொற்கொல்லர் ஒருவருக்கு 18 பிள்ளைகள். அவர்களில் இருவருக்கு ஓவியம் கற்க ஆசை, காசில்லை. நாணயம் சுண்டிப் பார்க்கிறார்கள். தோற்ற சகோதரன் சுரங்கத்தில் உழைத்து ட்யூரரைப் படிக்க வைக்கிறான். படித்துத் திரும்பிய ட்யூரர், இனி உன் முறை என்கிறார். சகோதரனின் விரல்களோ உழைத்து உருக்குலைந்துவிட்டன. அந்தக் கைகளை வணங்கி வரைந்தார் என்று முடியும். பிரசங்கங்களில் கேட்டுக் கண் கலங்கியவர்களை எனக்குத் தெரியும். பெற்றோருக்கு 18 பிள்ளைகள் பிறந்தது மட்டும் உண்மை. பிழைத்து வளர்ந்தவர்கள் மூன்றே பேர். எண்ட்ரஸ் தந்தையின் பொற்கொல்லர் தொழிலைத் தொடர்ந்தார், ஹான்ஸ் ஓவியரானார். சுரங்கத்துக்கு எவரும் போகவில்லை. ஓவியத்தையே சற்று உற்றுப் பார்த்தாலும் போதும். அவை உடைந்த விரல்கள் அல்ல, நீளமான, நேரான, பேணப்பட்ட விரல்கள்.

நடந்தது இது. 1508-ல் ட்யூரருக்கு ஒரு பெரிய பலிபீட வேலை இருந்தது. கேட்டவர் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துத் துணி வணிகர் யாக்கோப் ஹெல்லர். அங்கே டொமினிக்கன் துறவிகளின் கோயிலுக்கு, மாதா விண்ணேற்பு அடையும் காட்சி வேண்டும். ட்யூரர் ஒவ்வொரு அப்போஸ்தலரின் தலையையும் கையையும் பாதத்தையும் ஆடை மடிப்பையும் தனித்தனித் தாள்களில் வரைந்து பார்த்தார். செபிக்கும் கைகள் அவற்றில் ஒன்று. வேலை நீண்டது. ஹெல்லருக்கு ட்யூரர் எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைக்கின்றன. பேசிய தொகை கட்டுபடியாகவில்லை, நல்ல நீலக்கல் நிறத்துக்கே எவ்வளவு ஆகிறது தெரியுமா, இனி இப்படியொரு வேலையைத் தொடவே மாட்டேன் என்று மாறி மாறி எழுதுகிறார். சுத்தமாக வைத்துக்கொண்டால் இது 500 ஆண்டு புதிதாகவே இருக்கும் என்றும் உறுதி சொல்கிறார். கடைசியில் 200 கில்டருக்கு முடிகிறது.

500 ஆண்டு இருக்கும் என்று அவர் நம்பிய நடுப்பலகை 200 ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இருந்தது. பவேரியாவின் கோமகன் வாங்கி மியூனிக்குக் கொண்டுபோனார். 1729-ல் அரண்மனை தீப்பிடித்தபோது எரிந்துபோனது. யோப்ஸ்ட் ஹார்ரிக் என்ற ஓவியர் அதற்கு முன்பே எடுத்த நகல் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருப்பதால்தான் அந்தக் காட்சி எப்படி இருந்தது என்று இன்று நமக்குத் தெரிகிறது. அது ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்த காலத்தில், மண்டியிட்ட ஓர் அப்போஸ்தலரின் உள்ளங்காலை மட்டும் வெட்டித் தந்தால் பெரும் பணம் தருவதாகச் சிலர் துறவிகளிடம் பேரம் பேசினார்கள் என்று டச்சு எழுத்தாளர் கரேல் வான் மாண்டர் எழுதியிருக்கிறார். வாழ்த்து அட்டைத் தொழில் வருவதற்கு எவ்வளவோ முன்பே மனிதர்களுக்குக் கத்தரியின் ஆசை வந்துவிட்டது. இந்தத் தாளுமே வெட்டுப்பட்டதுதான். முதலில் இதே தாளில் ஓர் அப்போஸ்தலரின் தலையும் இருந்தது, பிற்பாடு தனியாகப் பிரித்துவிட்டார்கள்.

இந்தக் கைகள் யாருடையவை என்பதில் இப்போது புதிய பேச்சும் இருக்கிறது. 2019-ல் ஆல்பெர்டினாவில் நடந்த பெரிய ட்யூரர் கண்காட்சியை அமைத்த கிறிஸ்டாஃப் மெட்ஸ்கர், இவை ட்யூரரின் சொந்தக் கைகளே என்றும், வருகிற வாடிக்கையாளர்களுக்குத் தன் திறமையைக் காட்ட அவர் பட்டறையில் வைத்திருந்த மாதிரி இது என்றும் சொன்னார். இருக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, பலிபீடத்தில் இந்தக் கைகள் எங்கே இருந்தன என்பது. அப்போஸ்தலர்கள் எல்லாரும் கூடி நிற்பது மாதாவின் கல்லறையைச் சுற்றி. கல்லறை காலியாக இருக்கிறது. அன்பானவளை அடக்கம் செய்த இடத்தில் அவளைக் காணாமல் மேலே பார்க்கிறவர்களின் கைகள் அவை. ஒரு சாவு வீட்டின் துக்கமும், துக்கத்தை மீறிய ஒரு வியப்பும் சேர்ந்து குவிந்த கைகள். இரங்கல் அட்டையில் அச்சடிப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாமலேயே அவர்கள் அந்தக் கைகளைக் கல்லறைப் பக்கத்தில், அவற்றின் சொந்த இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். சுரங்கத் தொழிலாளியின் கதையை இழந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. கிடைத்த உண்மை அதைவிடப் பெரிய ஆறுதல்.

வியன்னாவிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு இரவு ரயில் இருக்கிறது. இரவெல்லாம் ஜெர்மனியைக் கடந்து காலையில் டச்சு நிலத்தின் கால்வாய்களுக்கும் பசுக்களுக்கும் நடுவே விழிக்கலாம். அருங்காட்சியகச் சதுக்கத்தில் வான்கோ அருங்காட்சியகத்துக்கு நேரம் குறித்த சீட்டு முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும், வாசலில் போய் நின்றால் கிடைக்காது. நான் பார்க்க விரும்பியது ‘பாதாம் மலர்’. நீல வானத்தில் படர்ந்த கிளைகள், வெண்பூக்கள். குழந்தை பிறந்த வாழ்த்துகளிலும், குடையிலும், கோப்பையிலும், கைப்பையிலும் இருக்கும் அதே பூக்கள்.

1890 ஜனவரி 31 அன்று பாரிஸில் வான்கோவின் தம்பி தியோவுக்கும் அவர் மனைவி ஜோவுக்கும் ஆண் குழந்தை பிறந்தது. அண்ணனின் பெயரையே வைத்தார்கள்: வின்சென்ட் வில்லெம். அப்போது அண்ணன் தெற்கு பிரான்சில் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தார். செய்தி கேட்டதும் அவருக்கு மகிழ்ச்சியோடு ஒரு தயக்கமும் வந்தது. தன் பெயரை வைக்காமல் இறந்துபோன அப்பாவின் பெயரை வைத்திருக்கலாமே என்று அம்மாவுக்கு எழுதினார். தன் பெயரில் ஓர் உயிர் வளர்வதை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்! அதே கடிதத்தில், குழந்தைக்காக உடனே ஒரு படத்தைத் தொடங்கிவிட்டேன், அவர்களுடைய படுக்கையறையில் மாட்டுவதற்கு, நீல வானத்தில் பாதாம் கிளைகள் என்றும் சொல்கிறார். அந்தப் பக்கத்தில் பாதாம் மரம் குளிர் விலகும் முன்பே பூத்துவிடும். பிறப்புக்கு அதைவிடப் பொருத்தமான பூ அவர் கண்ணெதிரே இருக்கவில்லை.

அவருடைய பிற ஓவியங்களின் கொந்தளிப்பு இதில் இல்லை. நேரில் நெருங்கிப் பார்த்தால் ஒவ்வொரு கிளைக்கும் கருங்கோட்டு விளிம்பு தெரிகிறது. அவரும் தியோவும் ஆசை ஆசையாகச் சேர்த்த ஜப்பானிய அச்சுப் படங்களிலிருந்து கற்றது அது. தரை இல்லை, மரத்தின் அடி இல்லை, கிளை எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. மல்லாந்து படுத்திருக்கும் கைக்குழந்தைக்கு மரம் எப்படித் தெரியுமோ அப்படி வரைந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. இது என் எண்ணம்தான், ஆனால் அந்த ஓவியத்தின் கீழ் நின்றவர்களுக்கு இது மிகை என்று படாது. இவ்வளவு பொறுமையாக, நிதானமாக எதையும் செய்ததில்லை என்று அவரே தம்பிக்கு எழுதினார். அதற்குப் பிறகு நோய் விழத் தள்ளிவிட்டது. பிப்ரவரி கடைசியில் வந்த தாக்குதல் ஏப்ரல் வரை நீடித்தது. எழுந்து பார்த்தபோது பூக்காலம் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. இன்னும் வரைய நினைத்த பூமரங்கள் நினைப்பாகவே நின்றுவிட்டன.

மே மாதம் அவர் பாரிஸ் வந்து குழந்தையைப் பார்த்தார். தொட்டிலருகே நின்ற அண்ணன் தம்பி இருவர் கண்களும் கலங்கியிருந்ததை ஜோ பின்னாளில் எழுதினாள். ஜூலை 29-ல் பெரியப்பா இறந்தார். அடுத்த ஜனவரி 25-ல் அப்பாவும். குழந்தைக்கு ஒரு வயது நிறைய இன்னும் ஆறு நாள் இருந்தது. ஜோவுக்கு வயது 28. யாரும் வாங்காத நூற்றுக்கணக்கான ஓவியங்களும் கட்டுக் கட்டாகக் கடிதங்களும் அவள் கைக்கு வந்தன. நெதர்லாந்துக்குத் திரும்பி, புஸ்ஸும் ஊரில் விடுதி நடத்திப் பிள்ளையை வளர்த்தாள். கண்காட்சிகள் நடத்தினாள், வேண்டிய இடத்துக்கு வேண்டிய ஓவியத்தை விற்றாள், 1914-ல் கடிதங்களைப் பதிப்பித்தாள். இன்று உலகம் வான்கோ என்று சொல்லும் பெயரைக் கட்டியெழுப்பியது அவளுடைய பல ஆண்டு உழைப்பு. எத்தனையோ ஓவியங்களை விற்ற வீட்டில் ‘பாதாம் மலர்’ மட்டும் விற்பனைக்குப் போகவில்லை. அது பையனுடையது.

அந்தப் பையன் பொறியாளரானார். இரண்டு தலைமுறை காத்த தொகுப்பை 1962-ல் ஓர் அறக்கட்டளையின் கையில் ஒப்படைத்தார். 1973-ல் இந்த அருங்காட்சியகம் திறந்தபோது அவர் உயிரோடு இருந்தார். 1978-ல் மறைந்தார். பிறந்ததற்காக வந்த பரிசை எல்லாரும் வந்து பார்க்கும் சுவரில் மாட்டிவிட்டுப் போனவர் அவர்.

வெளியே வரும் வழியில் கடை. அட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. சென்னையில் தங்கைக்குப் பெண் பிறந்து அனுப்ப வேண்டிய வாழ்த்து பாக்கியிருந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, அருங்காட்சியகத்தின் பெயர். குழந்தையின் பெயர் இல்லை. அச்சிடுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: இன்னும் ஒரு வரி சேருங்கள். யாருக்காக, எந்த நாளுக்காக என்று ஒரே வரி. செலவு ஒன்றும் கூடாது.

இன்னொன்றும் அட்டையில் வராது. இந்தப் பூவிதழ்களில் இளஞ்சிவப்பு இன்று இருப்பதைவிட அதிகமாக இருந்தது. வான்கோ பயன்படுத்திய அந்தச் சாயம் ஒளி பட்டுப் பட்டு வெளிறிவிட்டதால்தான் நாம் வெள்ளைப் பூக்களைப் பார்க்கிறோம். உட்காரவும் பழகாத வயதில் அந்தக் குழந்தை பார்த்த படம் இன்னும் சிவந்தது. சதுக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து அட்டையின் உள்பக்கம் முழுக்கத் தங்கைக்கு எழுதினேன். வின்சென்ட் வில்லெம் என்ற பையனைப் பற்றி, அவன் பெரியப்பாவைப் பற்றி, அவன் அம்மா ஜோவைப் பற்றி. பூவுக்கு இன்னும் கொஞ்சம் சிவப்பு சேர்த்து நினைத்துக்கொள் என்றும் எழுதினேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுத வேண்டியதாயிற்று.